அலைக்குள் தள்ளாதீர்கள்

பங்குனி ஆமை முட்டையிட ஏறுவது இரவில். குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி அடித்து மேட்டைக் கெட்டிப்படுத்திவிட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். ஆகவே, வெயில் ஏறிய பிறகு அலையோரத்தில் ஓர் ஆமை தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தால், அது பெரும்பாலும் முட்டையிட வந்ததாக இருக்காது. நீந்தத் தெம்பில்லாமல், மூச்செடுக்கத் தலையைத் தூக்கவே திண்டாடிக்கொண்டு, அலை கொண்டுவந்து போட்ட ஆமையாக இருக்கும்.

அப்படி ஒன்றைப் பார்த்தால் நம் கடற்கரைகளில் நடப்பது ஒன்றுதான். நாலு பேர் ஓடிவருவார்கள். ஓட்டைப் பிடித்துத் தூக்கி, இடுப்பளவு தண்ணீருக்குக் கொண்டுபோய் விடுவார்கள். கைதட்டல் எழும். சிறிது நேரத்தில் அலை அதை மறுபடி கரையில் போடும். மறுபடி தூக்குவார்கள். இதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கடலில் பிறந்தது கடலுக்குப் போனால் பிழைத்துக்கொள்ளும் என்ற இரக்கம்தான். ஆனால் அடிபட்ட கடலாமைக்கு அந்த நேரத்தில் ஆகவே ஆகாத இடம் கடல். கடலில் விடுவது சிகிச்சையின் கடைசி வேலை. அதை முதல் வேலையாகச் செய்வதால் பிழைக்க வேண்டிய ஆமைகள் சாகின்றன.

ஆமைக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். முதுகு ஓட்டுக்கு நேர் கீழே, அதோடு ஒட்டினாற்போல் இரண்டு நுரையீரல்கள் படர்ந்திருக்கின்றன. அடியில் அசையாமல் படுத்திருக்கும்போது மணிக்கணக்கில் மூச்சடக்கும் இந்தப் பிராணி, வலையில் மாட்டித் திமிறும்போது கையிருப்புப் பிராணவாயுவை விறுவிறுவென்று செலவழித்துவிடுகிறது. ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. இழுவை வலையைத் தண்ணீருக்குள் வைத்திருக்கும் நேரம் ஒரு மணியைத் தாண்டினால் அதில் சிக்கும் ஆமைகளின் சாவு கடுமையாகக் கூடுகிறது என்பதை அமெரிக்க ஆய்வுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன.

2025 ஜனவரியில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு மாவட்டக் கரை வரை நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைத் தமிழகமே பார்த்தது. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்த அந்த உடல்கள், அவை வலையில் மூச்சுத் திணறிச் செத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. செத்தவற்றைப் பற்றி நிறையப் பேசினோம். அதே வலைகளிலிருந்து அரை உயிரோடு வெளியே வந்தவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

அரை உயிர் என்றால் எவ்வளவு? கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், ஃபைபர் போட்டிலிருந்து இறக்கிய வலையில் ஓர் ஆமை கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கழுத்து துவண்டு மணலில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. "செத்துப்போச்சுண்ணே, தூக்கிப் போட்டுடலாமா?" என்றான் வலை பிரித்துக்கொண்டிருந்த பையன். "இருடா, கண்ணைத் தொட்டுப் பாரு" என்றார் அவன் அண்ணன் முறையுள்ள ஒருவர். பையன் விரல் நுனியால் கண்ணோரத்தைத் தொட்டான். ஒன்றுமில்லை. இன்னொரு முறை தொட்டான். தடித்த அந்த இமை மிக மெதுவாகச் சுருங்கி விரிந்தது. சுருட்டிய வலை ஒன்றை அதன் பின்பக்கம் அண்டக்கொடுத்து உயர்த்திவிட்டு, ஈரச் சாக்கை முதுகில் போட்டார்கள். மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது.

அவர்கள் செய்தது அனுபவத்தில் வந்தது. அமெரிக்க மீன்வளத் துறையின் விதிகளிலும் ஏறக்குறைய இதுதான் இருக்கிறது. மயங்கிய ஆமையை வயிற்றுப்புறம் கீழே இருக்குமாறு வைக்க வேண்டும். பின்பகுதியைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். நிழலும் ஈரமும் வேண்டும். 4 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை காத்திருந்து, இடையிடையே கண்ணையும் வாலையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் அசைவே இல்லை என்றால்தான் செத்ததாகக் கொள்ளலாம். ஊர்வனவற்றின் சாவு அவ்வளவு மெதுவானது. உயிர் திரும்புவதும் அப்படித்தான். மல்லாக்கப் போட்டு நெஞ்சை அமுக்கும் பழைய பழக்கம் மட்டும் கூடாது. மல்லாந்த நிலையில் மற்ற உறுப்புகளின் பாரமெல்லாம் நுரையீரலின் மேல் விழுகிறது.

கண் விழித்துத் துடுப்பை அடிக்கும் ஆமையையாவது உடனே விட்டுவிடலாமே என்று தோன்றும். அதற்கும் 2014ல் ஒரு பதில் வந்தது. ஸ்பெயின் நாட்டின் வாலென்சியாவில் உள்ள ஓசியனோகிராஃபிக் மீன்காட்சியகத்தில் கால்நடை மருத்துவர் டேனியல் கார்சியா பர்ராகாவின் குழு, வலைகளில் சிக்கிய பெருந்தலை ஆமைகளைப் பரிசோதித்தது. அவற்றின் ரத்தக் குழாய்களில் வாயுக் குமிழிகள் இருந்தன. ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வரும் முக்குளிப்பவர்களுக்கு வருகிற அதே நோய். ஆமைகளுக்கு அது வராது என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். படகில் ஏற்றிய நேரத்தில் துறுதுறுவென்று இருக்கும் ஆமை, சில மணி நேரம் கழித்துத் தளர்ந்து சாகலாம். அதற்குள் அதைக் கடலில் விட்டிருந்தால், ஓர் உயிரைக் காப்பாற்றினோம் என்ற நிறைவோடு படகு திரும்பியிருக்கும். வாலென்சியாவில் அத்தகைய ஆமைகளை அழுத்த அறைக்குள் வைத்துக் குணப்படுத்திக் காட்டினார்கள்.

சரி, கரையில் எடுத்தாயிற்று. அடுத்து?

சிகிச்சைக்கு வருகிற ஆமையைத் தொட்டியில் போடுவதில்லை. தலையைத் தூக்க முடியாத ஆமை ஓரடித் தண்ணீரிலும் மூழ்கிவிடும். ஸ்பாஞ்ச் மெத்தையிலோ, பழைய கார் டயரின் மீதோ அதை வைக்கிறார்கள். டயர் எதற்கு என்றால், அதன் மேல் வயிறு பதிந்திருக்கும்போது துடுப்புகள் தரையில் படாது. எழுந்து ஓடப் பார்த்து மேலும் காயப்படாது. கண்களுக்கு மருந்துக் களிம்பு, முதுகில் ஈரத் துணி. எடை பார்க்கிறார்கள். நல்ல வளர்ந்த பங்குனி ஆமை 35 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்ததை எடைக்கு முன்பே கண்ணும் கழுத்தும் சொல்லிவிடும். கண்கள் குழிவிழுந்திருக்கும், கழுத்தடி ஒட்டிப்போயிருக்கும், வயிற்றுப்புற ஓடு உட்பக்கம் வளைந்திருக்கும்.

முதுகோட்டைப் பார்த்தும் நிறைய தெரிந்துகொள்ளலாம். பாசியும் கொட்டலசும் அப்பிக் கிடந்தால், ஆமை பல வாரங்களாகத் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே சோர்ந்து மிதந்திருக்கிறது என்று பொருள். உடம்பு நன்றாக இருந்து வேகமாக நீந்துகிற ஆமையின் மேல் அவை இவ்வளவு சேராது. இதற்கு நல்ல தண்ணீர்தான் மருந்து. உப்பில்லாத நீரில் சிறிது நேரம் வைத்தால் கொட்டலசுகளும் அட்டைகளும் தளர்ந்து விழுகின்றன. உடம்பில் நீர் வற்றிய ஆமைக்கு அதுவே தாகத்துக்கும் ஆகிறது.

ரத்தம் எடுப்பது கழுத்தின் மேற்புறத்திலிருந்து. எக்ஸ்ரே எடுத்தால் விழுங்கிய தூண்டில் முள்ளும் உடைந்த எலும்பும் தெரியும். ஆன்டிபயாட்டிக் ஊசி போடும் கணக்குதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கடலாமைகளுக்கு அடிக்கடி தரப்படும் செஃப்டாசிடைம் மருந்தை நமக்கானால் நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை ஏற்றுவார்கள். ஆமைக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை போதும். மருந்து அதன் உடம்பை விட்டு வெளியேற அவ்வளவு நேரமாகிறது. புண் ஆறுவதும் இதே வேகத்தில்தான். நமக்குப் பத்து நாளில் ஆறும் வெட்டு அதற்கு மாதக்கணக்கில் இழுக்கும். புரொப்பல்லர் பிளந்த ஓடு கூடி வர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அவசரப்படுகிறவர்களுக்கு ஏற்ற வேலை அல்ல இது.

புண்ணுக்குத் தேன் தடவுகிறார்கள். உலகின் பெயர்பெற்ற ஆமை மருத்துவமனைகளிலும் இது வழக்கம். தேன் புண்ணிலிருந்து நீரை இழுத்து, கிருமி வளரவிடாமல் தடுக்கிறது. தண்ணீரில் வாழும் பிராணியின் காயத்தில் பிசுபிசுவென்று ஒட்டியும் நிற்கிறது. தங்கூசி வலை அறுத்த துடுப்பில் இந்த வேலையை அருகிலிருந்து பார்த்தால் மனது கனத்துப்போகும். நைலான் இழை தோலை வெட்டி, தசையை வெட்டி, எலும்பைச் சுற்றிப் பள்ளம் பறித்திருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் மணலும் பாசியும் சதையோடு சதையாகச் சேர்ந்திருக்கும். உப்பு நீரைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவி, செத்த சதையைச் சீவி, நடுவில் மறைந்திருக்கும் இழையை இடுக்கியால் தேடி எடுப்பார்கள். அதற்குக் கீழே துடுப்பு கறுத்து ஜில்லிட்டிருந்தால், வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

மூன்று துடுப்போடு கடலில் பிழைக்குமா? பிழைக்கும். முன்துடுப்புகளில் ஒன்று போனாலும் நீந்தப் பழகிக்கொள்ளும், முங்கும், இரை பிடிக்கும். முன்துடுப்பு இரண்டும் போய்விட்டால்தான் கடலுக்குத் திரும்ப முடியாது. பின்துடுப்பை இழந்த பெண் ஆமைக்கு வேறு கஷ்டம்: முட்டைக் குழி தோண்டுவது பின்துடுப்புகளால்தான்.

இதில் இன்று அதிகம் தேர்ந்தவர்கள் மாலத்தீவில் இருக்கிறார்கள். மார்ட்டின் ஸ்டெல்ஃபாக்ஸ் 2013ல் தொடங்கிய ஆலிவ் ரிட்லி ப்ராஜெக்ட் என்ற அமைப்பு, 2017ல் பா அட்டோலில் ஆமைகளுக்கு ஒரு மருத்துவமனையைத் திறந்தது. அங்கே வரும் பங்குனி ஆமைகளில் பெரும்பாலானவை, கடலில் கைவிடப்பட்டு மிதக்கும் பேய் வலைகளில் சிக்கியவை. மாலத்தீவு மீனவர்கள் சூரை மீனைத் தூண்டிலால் பிடிப்பவர்கள். அந்த வலைகள் அவர்களுடையவை அல்ல, வேறு நாட்டுக் கடல்களிலிருந்து நீரோட்டத்தில் மிதந்து வருபவை. சிக்கும் ஆமைகளும் அந்த ஊர்க்காரர்கள் அல்ல. அவற்றின் மரபணுவை ஸ்டெல்ஃபாக்ஸும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2020ல் வெளியிட்டபோது, அவற்றில் பெரும்பகுதி இலங்கையிலும் இந்தியாவின் கிழக்குக் கரையிலும் முட்டையிடும் கூட்டத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று தெரிந்தது. நம் கரையில் பொரிந்த குஞ்சு ஒன்று, வளர்ந்து, மாலத்தீவில் துடுப்பை இழந்து மருத்துவமனையில் படுத்திருக்கக்கூடும். அறுந்த வலைதானே என்று கடலில் வீசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

துடுப்பை விடப் பெரிய சிக்கல் காற்று. நுரையீரல் கிழிந்தால் மூச்சுக் காற்று கசிந்து உடம்புக் கூட்டுக்குள் தங்கிவிடும். பின்பக்கம் மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். ஆமையால் முங்க முடியாது. முங்க முடியாத ஆமைக்கு இரை கிடைக்காது, படகு வந்தால் விலகவும் முடியாது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளில் மாரத்தான் என்ற ஊரில் ரிச்சி மொரெட்டி என்பவர் தொடங்கிய டர்ட்டில் ஹாஸ்பிட்டலில் இந்தக் கோளாறோடு வருகிற ஆமைகள் பல. ஓட்டின் பின்பகுதியில் எடைக்கட்டிகளை ஒட்டி அவற்றைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஓடு வளர வளர அந்த எடைகள் கழன்றுவிடும். திரும்ப ஒட்ட வேண்டும். கடலில் போய் யார் ஒட்டுவது? அதனால் காற்று முழுதாக வெளியேறாத ஆமைகளை அவர்கள் விடுவதே இல்லை. ஆயுள் முழுக்கத் தொட்டிதான். விட முடியாது என்று முடிவெடுப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததே.

கடலோரத்தைத் தாண்டி உள்ளூர்ப் பக்கமும், ஆமையைத் தண்ணீரில் தள்ளிவிடும் இதே தவறுதான். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு, வாசலில் கண்ட ஆமையைப் பிடித்துக் கோயில் குளத்தில் விட்டுப் புண்ணியம் தேடுகிறோம். பாலாமையானால் பரவாயில்லை, அது ஏரி குளத்துப் பிராணி. நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது. முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரியும் அந்த அழகிய ஆமைக்கு நீந்தத் தெரியாது. படிக்கட்டு இறங்கும் ஆழமான குளத்தில் போட்டால் மூழ்கிவிடும். இவையெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. குணப்படுத்துகிறேன் என்று வீட்டில் வைத்து வளர்ப்பதும் குற்றம். வனத்துறைக்குச் சொல்வதே வழி.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் சாலையில் அடிபடும் ஏரி ஆமைகளை நடத்தும் விதத்திலிருந்து நாம் நிறைய எடுத்துக்கொள்ளலாம். பீட்டர்பரோவில் உள்ள ஒன்டாரியோ ஆமைப் பாதுகாப்பு மையம் உடைந்த ஓட்டைக் கம்பி வைத்து இணைத்துக் குணப்படுத்துகிறது. கார் அடித்துப் பெண் ஆமை செத்தே போயிருந்தாலும் விடுவதில்லை. வயிற்றிலிருக்கும் முட்டைகளை எடுத்து அடைவைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். குணமான ஆமையைக் கண்டெடுத்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் விட வேண்டும் என்பது அங்கே விதி. தனக்குத் தெரிந்த குட்டையையும் முட்டையிடும் மேட்டையும் தேடி அது அலையக்கூடாது, அலைந்து மறுபடி சாலையேறக்கூடாது என்பதற்காக. இன்னும் அழகான ஏரியாகப் பார்த்து விடுவோம் என்ற ஆசைக்கு அங்கே இடமே இல்லை.

நம் கரைக்கு வருவோம். கடலாமைக்காகக் கடற்கரையில் இரவு நடை போகும் பழக்கம் இந்தியாவிலேயே சென்னையில்தான் வேர்விட்டது. 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் சதீஷ் பாஸ்கரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அதை எடுத்துச் செய்கிறது. சுப்ரஜா தாரிணி 2002ல் தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவக் குப்பத்து இளைஞர்களையே காவலர்களாக்கியது. முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க இன்று குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இது பெருமைப்படத்தக்க மரபு, அதில் சந்தேகமில்லை.

ஆனால் குஞ்சுகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு கூட அடிபட்ட பெரிய ஆமைக்குக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். 1987ல் டெபோரா க்ரௌஸ், லாரி க்ரௌடர், ஹால் காஸ்வெல் ஆகிய மூவரும் பெருந்தலை ஆமைகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். கரையில் இடப்படும் முட்டைகள் அத்தனையையும் காப்பாற்றினாலும் அந்த இனம் தேறாது. பருவத்தை நெருங்கிய ஆமைகளும் பெரிய ஆமைகளும் வலையில் சாவதைக் குறைத்தால்தான் தேறும் என்று அந்தக் கணக்கு காட்டியது. அமெரிக்காவில் இழுவை வலைகளில் ஆமை வெளியேறும் கருவி கட்டாயமாவதற்கு அது வலு சேர்த்தது. ஆயிரம் குஞ்சில் ஒன்று வளர்ந்து வந்தாலே அதிகம் என்பார்கள். அப்படி ஆயிரத்தில் ஒன்றாகத் தேறி, பத்துப் பதினைந்து ஆண்டு பிழைத்து, வயிற்றில் முட்டையோடு திரும்பிவந்த தாயைத்தான் நாம் அலைக்குள் தள்ளிவிடுகிறோம்.

தமிழக அரசு கிண்டியில் கடலாமைப் பாதுகாப்பு மையம் அமைக்க 6.30 கோடி ரூபாய் அறிவித்தது. கட்டடம் எழுவது நல்லது. கூடவே வேண்டியது மீனவரின் நம்பிக்கை. அடிபட்ட ஆமையைக் கரைக்குக் கொண்டுவந்தால் நம் மேலேயே கேஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயம் குப்பங்களில் இருக்கிறது. அதனால்தான் வலையில் வந்ததை நடுக்கடலிலேயே தள்ளிவிடுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் 2018 முதல் ஒரு திட்டம் நடக்கிறது: பாதுகாக்கப்பட்ட கடல்வாழ் உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்தால், மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு. ஆமையையும் மீனவரையும் எதிரெதிரே நிறுத்தாத ஏற்பாடு அது. இங்கேயும் வர வேண்டும். இழுவை வலையில் பொருத்தும் கருவி பற்றியும் மீன் தப்பிவிடும் என்ற மனக்குறை இருக்கிறது. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கென்றே வடிவமைத்த கருவியைப் படகுக்காரர்களோடு கடலுக்குப் போய்க் காட்டித்தான் அந்தக் குறையைப் போக்க முடியும், சுற்றறிக்கையால் முடியாது.

இனி, கடலில் விடும் நாள். அதை நாள்காட்டி பார்த்துக் குறிப்பதில்லை. எடை கூடியிருக்க வேண்டும், ரத்தப் பரிசோதனை தெளிவாக வர வேண்டும், மருந்து நின்று சில வாரங்களாவது ஆகியிருக்க வேண்டும். ஆழமான தொட்டியில் அடிவரை முங்கி, அங்கேயே தங்கி, நேராக மேலே வர வேண்டும். தொட்டியில் உயிருள்ள நண்டை விட்டால் துரத்திப் பிடிக்க வேண்டும். கையால் கொடுத்த கணவாயை மட்டும் தின்கிற ஆமை இன்னும் தயாராகவில்லை. மனிதரைக் கண்டால் விலகிப் போக வேண்டும். கிட்டே வந்து கழுத்தை நீட்டினால் பராமரித்தவர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கலாம், கடலில் அதன் உயிருக்கு ஆபத்து. ஆகவே நல்ல மையங்களில் ஆமையிடம் கொஞ்சுவதில்லை. இரை போடும் நேரத்தைத் தவிர அதன் முன்னால் நிற்பதும் இல்லை.

விடும் இடமும் முக்கியம். விசைப்படகுகள் உழும் பருவத்தில், அவை உழும் இடத்தில் விட்டால் பட்ட பாடு வீண். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. குணமான ஆமைகளுக்கு அது நல்ல காலம். அலைக்குச் சில அடி முன்னால் மணலில் வைத்துவிட்டு விலகினால் போதும், தெம்பு வந்த ஆமை தானே இறங்கும். சுற்றி நின்று வீடியோ எடுக்கும் கூட்டத்தை அதற்கு முன்னால் விடக்கூடாது.

விடுவதற்கு முன் துடுப்பில் உலோக அடையாளத் தகடு பொருத்துகிறார்கள். தோலுக்கடியில் அரிசி அளவு மின்னணுச் சில்லு ஒன்றையும் செலுத்துகிறார்கள். ஒடிசாவின் ருஷிகுல்யாவில் அது முட்டையிட ஏறினாலும், இலங்கைக் கரையில் ஒதுங்கினாலும், அந்த எண்ணைப் படிப்பவருக்கு அது சிகிச்சை பெற்ற ஆமை என்று தெரிந்துவிடும். சென்னை மையத்திலிருந்து இதையே எதிர்பார்க்கிறேன். எத்தனை ஆமைகள் வந்தன, எங்கிருந்து வந்தன, வலைக் காயமா புரொப்பல்லர் காயமா, எத்தனை செத்தன, எத்தனை கடலுக்குத் திரும்பின, திரும்பியவற்றில் எவற்றின் எண் மறுபடி எந்தக் கரையில் படிக்கப்பட்டது என்ற கணக்கை ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். முதல் பிரதி கோவளத்துக்கும் காசிமேட்டுக்கும் நாகப்பட்டினத்துக்கும் போக வேண்டும்.